இப்பதான் வர நேரமா?

முப்பத்தொரு வருஷம் கத்தியே சோறு தின்றவன் நான். தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி வேலை. அறுபது எழுபது பெண்களைக் கொழுந்து பறிக்க மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு மேட்டில் நின்று, எதிர்ச்சரிவில் இருக்கிறவளுக்கும் கேட்கும்படி சத்தம் போடுவதுதான் உத்தியோகம். "கங்காணி சத்தத்துக்கு அட்டையும் கால விட்டு எறங்கிரும்" என்று பொம்பளைகள் என் காதில் விழும்படியே கேலி பேசுவார்கள். அந்தக் குரல் இப்போது என்னிடம் இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் கழுத்தைத் திறந்து எடுத்துவிட்டார்கள்.

கிளினிக்கில் எனக்குப் பேச்சுப் பழக்குகிற மிஸ்தான் ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தார். "ஐயா, உங்களுக்குப் பின்னால இதே ஆபரேஷனுக்கு வர்றவங்க ரொம்பப் பயப்படுறாங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன், வாசிச்சுக் காட்டுறேன்" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரி விஷயத்தை மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் பெண்டாட்டி பாக்கியம் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறாள். அவளைத் தள்ளிவிட்டு எழுத எனக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தள்ளியது போதும்.

குரல் கம்மியது ஒரு மழைக்காலத்தில். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். நான் வேலையை விட்டு நின்றும் மூன்று வருஷம். சளி என்றுதான் நினைத்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பாணி மருந்து கொடுத்தார்கள். பாக்கியம் கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு அவித்த தண்ணீரைக் காலையும் மாலையும் நீட்டினாள். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஆகிவிட்டது.

"ஒருக்கா பதுளைக்குப் போய்க் காட்டுவோமுங்க" என்றாள்.

"கத்துன தொண்ட கம்மாம என்னா செய்யும்? ஒனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா கெட" என்றேன்.

அப்படி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில். நான்காம் தடவை அவள் கேட்கவில்லை. வெற்றிலை துப்பிய இடத்தில் இரத்தம் கிடந்ததை விரலால் காட்டினாள். அடுத்த நாள் பஸ் ஏறினோம். இதை வாசிக்கக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் கொத்தமல்லித் தண்ணீரோடு உட்கார்ந்திருக்காதீர்கள். பீடியும் புகையிலையும் பழக்கமுள்ளவராக இருந்தால் கட்டாயம் போங்கள். எனக்கு இரண்டும் இருந்தன.

காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு வெளியே நீளமான வாங்குகள். விடிய முன்னம் வந்து நம்பர் எடுத்தவர்கள் நகர்ந்து நகர்ந்து உள்ளே போவார்கள். அந்த வாங்கில் நான்கு தடவை, நான்கு வெவ்வேறு நாளில், காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறேன். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்தே பழகியவனுக்கு, இன்னொருவன் கூப்பிடும்வரை காத்திருப்பது கொஞ்சம் கஷ்டமான காரியம்தான். நம்பர் துண்டுகளை வாங்கி அடுக்குகிற பையனிடம் இரண்டு தடவை சண்டைக்குப் போனேன். பாக்கியம் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

முதலில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். அதன் நுனியில் சின்னக் கேமரா இருக்கிறது. வலி இல்லை, குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். அடுத்த தடவை மயக்க மருந்து கொடுத்து, தொண்டைக்குள்ளிருந்து சின்னச் சதைத்துண்டு ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போட் வருவதற்குள் இரண்டு கிழமை, பதினாலு நாள். அந்த இரண்டு கிழமையும் என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் யாரையும் ஏசவில்லை. பயம். அதைப் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வயிறு சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரிப்போட்டைப் பார்த்துச் சொன்ன டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகள் ராணியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ராணி அப்போது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

"ஐயா, ஒளிக்காமச் சொல்லுறன். இது புற்றுநோய். குரல்வளையில இருக்கு. வேற இடத்துக்குப் பரவேல்லை. ஆனபடியால் இப்ப எடுத்தால் தப்பலாம்" என்றார். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

நான் விளங்கிக்கொண்டது இது. நம் எல்லோருக்கும் மூச்சுக் குழாயின் மேல் முனையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஆண்களுக்குக் கழுத்தில் துருத்திக்கொண்டு தெரியுமே, அதுதான். அதற்குள் இரண்டு மடிப்புகள். மூச்சு அவற்றை அதிர வைத்தால் குரல் வரும். அந்தப் பெட்டியையே முழுதாக எடுத்துவிடுவார்கள். மூச்சுக் குழாயை முன்னால் வளைத்துக் கழுத்தின் அடியில் ஒரு துவாரமாக வைத்துத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூச்சு மூக்கால் இல்லை, அந்தத் துவாரத்தால். சாப்பாடு வாயால்தான். பேச்சு மட்டும் இல்லை.

"ஒரு சொல்லும் வராதா?" என்று கேட்டேன்.

"பழையபடி வராது ஐயா. பிறகு பயிற்சி எடுத்துக் கொஞ்சம் பேசலாம். அது வேற மாதிரிச் சத்தமாத்தான் இருக்கும்."

பாக்கியம் அந்தப் படத்தைக் கிட்டப் பார்த்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டாள்: "கொரல எடுத்துட்டா ஆளு இருப்பாருங்களா?"

"ஆள் இருப்பார் அம்மா. குரல்தான் இராது."

"அப்பச் சரிங்க சாமி. எடுத்துருங்க."

எனக்கு வந்ததே கோபம்! என் குரலை எடுத்துக்கொள்ளச் சொல்ல இவள் யார்? கோழியை விலை பேசி விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு சொல்லில் முடித்துவிட்டாள். பதுளையிலிருந்து தோட்டம் வரைக்கும் பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் மூன்று நாள் பேசவில்லை. குரலோடு இருக்க எனக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. அதில் மூன்று நாளை அப்படிப் பாழாக்கினேன். இன்றைக்கு அந்த மூன்று நாளையும் கேட்டால் யார் தருவார்கள்?

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே வாட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். இரத்தம், நெஞ்சுப் படம், இருதயப் படம் என்று ஒவ்வொன்றாய் எடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி ஆனபடியால் வைத்தியத்துக்குக் காசு இல்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு, அதை ராணி அனுப்பியதில் சமாளித்தோம். பக்கத்துக் கட்டிலில் மொனராகலையிலிருந்து வந்த சுமனபால என்ற கரும்புத் தோட்டக்காரர். சிங்களவர். ஓரளவு தமிழ் பேசுவார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போதெல்லாம் "பய வென்ட எபா, கங்காணி" என்பார். பயப்படாதே என்று அர்த்தம். என் பயத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

கூரையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? குரல் போவதற்குள் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். ராணிக்குப் பக்கத்து லயத்து வீட்டு டெலிபோனில் பேசியாகிவிட்டது. மற்றபடி உலகத்துக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாகச் சொன்னதே அதிகம். பாக்கியத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அதைச் சொல்லப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவான். வந்தவர்கள் குரல் கொடுக்க, அன்றைய வேலைக்குப் பேர் போடுவார்கள். பிந்தி வந்தால் பேர் இல்லை, குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அதற்கு வெரட்டுவது என்று சொல்வோம். பாக்கியம் என் கூட்டத்தில்தான் கொழுந்து எடுத்தாள். வீட்டில் அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா", "ஏய்", அவ்வளவுதான். பெரட்டில் மட்டும் எல்லோரையும் போலக் கூப்பிடுவேன். "பாக்கியம்!" "வந்திருக்கேங்க." ஒரு நாளைக்கு ஒரு தடவை.

தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறிய அந்த வருஷங்களில் புதிதாக ஒரு சின்னத்துரை, பெரியதுரைக்கு அடுத்த அதிகாரி, வந்திருந்தார். பெரட்டில் வந்து நின்று எங்களை அளந்து பார்ப்பார். அப்படி ஒரு காலை, குளிரில் கை விறைக்கிற நேரம், கொப்பியைத் திறந்த பிறகுதான் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. துரைக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்வேனா? மனப்பாடமாகவே கூப்பிட்டேன். "பாக்கியம்!" என்றேன். பதில் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. ஏழெட்டுப் பேர் கூப்பிட்ட பிறகு, கூடை முதுகில் ஆட, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அவிழ, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"இப்பதான் வர நேரமா?" என்று கத்தினேன். மலை திருப்பிக் கத்தியது.

அவள் வாயைத் திறந்தாள். நான் விடவில்லை. "பேச்செல்லாம் வேணாம். பேரு இல்ல. போ லயத்துக்கு!"

பாக்கியம் முந்தானையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து, என் கொப்பி இருந்த கல்லின்மேல் வைத்துவிட்டு, வந்த பாதையிலேயே திரும்பி ஏறிப் போனாள். என் கண்ணாடிக் கூடு. பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

சின்னத்துரை என் தோளைத் தட்டினார். அன்றைக்கு வந்த வினை அதுதான். "பொண்டாட்டியவே வெரட்டுன கங்காணி" என்று தோட்டம் பூராவும் பேர் வந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்துப் போனது. கள்ளுக் குடிக்கிற இடத்தில் நானே சொல்லிக்கொள்வேன். கண்ணாடிக் கதையை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன். நான் வேலையிலிருந்து நின்றபோது வைத்த கூட்டத்தில் பெரியதுரை அதையே எடுத்துப் பேசி, எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் பாக்கியம் மடியில் மாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கை தட்டினாள். பாவி நான், அதையும் பெருமை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அது நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. என் பிழை என்று ஒரு சொல். அதை என் சொந்தக் குரலில் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முந்திய நாள் அவள் பார்க்க வரும்போது சொல்வது என்று முடிவு செய்தேன். வசனம்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானப் பார்வை நேரத்துக்கு அவள் வரவில்லை. மற்றக் கட்டில்களைச் சுற்றியெல்லாம் ஆட்கள். என் கட்டிலுக்கு ஒருவரும் இல்லை. பின்னேரப் பார்வை நேரமும் தொடங்கியது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போகப் போகச் சொல்ல வைத்திருந்தது உள்ளேயே திரிந்து புளித்துப் போனது. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கையில் பெரிய பை.

"இப்பதான் வர நேரமா?" என்றேன்.

கம்மிய குரல்தான். ஆனாலும் வாட்டு முழுக்கக் கேட்டது. சுமனபாலவின் பெண்டாட்டி திரும்பிப் பார்த்தாள். வாட்டு நர்ஸ் மிஸ் ஒருவர் வந்து "சத்தம் போட வேணாம் ஐயா" என்றார். பாக்கியம் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். ரொட்டியும் சம்பலும் இருந்த பொதியை மேசையில் வைத்தாள். போர்வையைக் கால்மாட்டில் இழுத்து விட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மணி அடித்தார்கள். "வாரேங்க" என்றாள். நான் திரும்பவில்லை.

காலையில் ஏழு மணிக்கு முன்பே தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து முதல் பஸ் எட்டுக்குத்தான் பதுளைக்கு வரும். தியேட்டர் வாசலில் கேட்டவர்களுக்கு என் பேரையும் வயதையும் சொன்னேன். ஆனால் முப்பத்தாறு வருஷம் எனக்குச் சோறு போட்டவளிடம் என் குரலில் நான் கடைசியாகச் சொன்னது "இப்பதான் வர நேரமா" என்பதுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்றுதான் வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். சொல்கிறேன். கண் விழித்தவுடனே ஆளைக் கூப்பிட வாய் போகும், காற்றுக் கழுத்தால் போய்விடும். அந்த முதல் தடவை நெஞ்சு படபடத்துவிட்டது. கழுத்துத் துவாரத்தில் சளி கட்டும். மிஸ்மார் மெஷினில் மெல்லிய குழாயைப் போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். மூச்சு முட்டி இருமல் வரும், பிறகு சுகமாக இருக்கும். புண் ஆறும்வரை மூக்குக் குழாயால்தான் கஞ்சி. எனக்குப் பன்னிரண்டு நாள். மூக்கால் மூச்சு இல்லாததால் மணமும் போய்விடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தேயிலை வறுபடுகிற மணத்திலேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது ஃபெக்டரியைக் கடந்து போனால் மெஷின் சத்தம் மட்டும்தான். பெரிய வலி என்று எதுவும் இல்லை. பயம்தான் பெரிது, அதுவும் நாளுக்கு நாள் குறையும்.

மூன்றாம் நாள்தான் எழுந்து சாய்ந்து உட்கார விட்டார்கள். அன்றைக்குப் பார்வை நேரம் தொடங்க முன்பே பாக்கியம் வாசலில் நின்றாள். உள்ளே வந்து பையைத் திறந்து ஒரு சிலேட்டை எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பதைவிடப் பெரியது, மரச் சட்டம் போட்டது. கூடவே ஒரு பெட்டி சிலேட்டுக் குச்சி.

"பேச முடியாதுன்னு டொக்டரு சொன்னாருல்ல. எழுதிக் காட்டுனா ஆச்சு. இப்ப யாருங்க சிலேட்டு விக்கிறாங்க? பஜாரு பூரா ஏறி எறங்கிட்டேன். சின்னது சின்னதா பிளாஸ்டிக்குல இருக்கு, நீங்க பெருசா எழுதுற ஆளு. கடைசியில மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு கெழவரு, பழைய சாமான் கடையில வச்சிருந்தாரு. அன்னைக்கு அதுக்குத்தாங்க லேட்டாயிருச்சு."

இரண்டாவது தடவை. இரண்டு தடவையும் எனக்காகவே பிந்தி வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் ஏன் என்று கேட்காமலேயே கத்தியிருக்கிறேன்.

சிலேட்டை வாங்கினேன். எழுதினேன்: "பாக்கியம், அன்றைக்குப் பெரட்டில் உன்னை விரட்டியது என் பிழை. கண்ணாடி கொண்டுவரத்தான் பிந்தினாய்." திருப்பி அவளிடம் கொடுத்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "என்னா அழகா எழுதுறீங்க" என்றாள். பிறகு, "என்னாங்க எழுதியிருக்கு?" என்றாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. சம்பளத் தாளில் பெருவிரல் வைக்கிறவள். அது எனக்குத் தெரியாதா, அவளுக்குத்தான் தெரியாதா? பஜார் முழுக்க அலைந்து சிலேட்டைத் தேடியவளுக்கு, நான் எழுதினால் யார் வாசிப்பது என்ற யோசனையே வரவில்லை. எழுதிய எனக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, எம் புத்தியப் பாத்தீங்களா!"

சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாளா? சிலேட்டைச் சுமனபாலவிடம் காட்டினாள். அவர் இல்லை என்று தலையாட்டினார், அவருக்குச் சிங்களம்தான் வாசிக்க வரும். ஆனால் உதவி செய்கிற மனுஷன். வாட்டின் அந்தக் கோடியில் நின்ற யாழ்ப்பாணத்து டொக்டரைக் கை தட்டிக் கூப்பிட்டார். டொக்டர் வந்துகொண்டிருந்தார். அந்தச் சின்னப் பிள்ளை வாயால், வாட்டில் இத்தனை பேர் கேட்க, என் பிழையை வாசிக்க வைப்பதா? பாக்கியத்தின் கையிலிருந்து சிலேட்டைப் பிடுங்கிச் சட்டைக் கையால் அழித்தேன். டொக்டர் கிட்ட வருவதற்குள் ஒரே ஒரு சொல்லை எழுதினேன்.

"தாகமாம் அம்மா" என்று வாசித்தார் டொக்டர். "இப்ப வாயால தண்ணி குடுக்கப்பிடாது. பஞ்சை நனைச்சுச் சொண்டைத் துடைச்சு விடுங்கோ."

அவள் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தாள். இல்லாத தாகத்துக்கு உதட்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள். குரல் போனாலும் வீம்பு போகவில்லை, அதை டொக்டர்மார் எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். ஆம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தோம். பிறகு கொழும்புப் பக்கம் நோய் திரும்ப வராமல் ஆறு கிழமை கழுத்துக்குக் கதிர் வைத்தார்கள், அதுவும் முடிந்தது. கழுத்துத் துவாரத்துக்குள் தூசியும் குளிரும் போகக்கூடாது என்றார்கள். பாக்கியம் தன் பழைய நூல் சேலையைக் கிழித்து, குழந்தைக்கு எச்சில் துணி தைப்பது மாதிரிச் சின்னச் சின்னத் துணியாகத் தைத்து நாடா வைத்தாள். கிழமைக்கு ஏழு. ஒவ்வொரு நாளும் துவைத்து வெயிலில் போட்டாள். ராணி டெலிபோன் எடுத்தால் நான் வாங்கிக் கையால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் சுகம். இரண்டு தட்டு என்றால் அம்மாவிடம் கொடுக்கிறேன்.

இனி எழுதப் போவது கொஞ்சம் வெட்கமான விஷயம். நான் பேசாமல் இருந்த அந்த மாதங்களில்தான் என் பெண்டாட்டி பேசுகிறவள் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் லயத்துக் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் பின்னேரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். முன்பெல்லாம் இரண்டு சொல் சொல்வதற்குள் நான் மறித்துவிடுவேன் போலிருக்கிறது. இப்போது மறிக்க ஆள் இல்லை. அட்டைக்கு அவள் கடைசிவரை பயந்துகொண்டே மலை ஏறினாள் என்பது எனக்குத் தெரியாது. ரேடியோவில் நாடகம் போனால் வெளியே நின்றாவது கேட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குப் போவாள் என்பது தெரியாது. பன்னிரண்டாம் நம்பர் மலையில் ஒரு தேயிலைச் செடிக்கு என் பேரை வைத்திருந்தாளாம். "முத்துன தழ, என்னா இழுத்தாலும் வராது, அதான்" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். குரல் இல்லாத சிரிப்பில் தோள்தான் ஆடும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த இஸ்தோப்பில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது. போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை, விரட்ட ஆளும் இல்லை. அறுபத்து மூன்று வயதில் நிம்மதி என்று ஒன்று இப்படித்தான் இருக்கும் போல என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. இது முப்பது வருஷத்துக்கு முன்பே இதே இஸ்தோப்பில் இருந்திருக்கிறது. நான் வாயை மூடியிருந்தால் கிடைத்திருக்கும். அதற்குக் கழுத்தை அறுக்க வேண்டியிருந்தது.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தொடங்கினார்கள். காற்றை வாயால் விழுங்கி, ஏப்பம் விடுகிற மாதிரி திருப்பி எடுத்து, அந்த ஏப்பத்தைச் சொல்லாக்க வேண்டும். துரைமாருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து ஏப்பம் விட்டுப் பழகினேன். முதல் மாதம் எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் காற்றை விழுங்கிப் பார்த்து விக்கலெடுத்து மிஸ்ஸையே சிரிக்க வைத்தாள். ப, க, ட என்று உதட்டையும் நாக்கையும் அழுத்திச் சொல்கிற எழுத்துகள் முதலில் வருமாம். பாட்டு, பாக்கு, காக்கா, தாத்தா என்று மிஸ் ஒரு பட்டியல் தந்தார். குழந்தைப் பிள்ளை மாதிரி அவற்றைச் சொல்லித் திரிந்தேன். பட்டியலில் இல்லாத ஒரு சொல்லையும் பழகினேன். அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். எட்டு மாதம் பிடித்தது.

போன கிழமை ஒரு காலை. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கொப்பியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். காற்றை விழுங்கினேன்.

"பாக்கியம்."

தவளைச் சத்தம் மாதிரித்தான் வந்தது. ஆனால் ஒரு எழுத்து விடாமல் வந்தது. வீட்டுக்குள் அவள் பேரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

உள்ளே அரிசிச் சத்தம் நின்றது. பிறகு பெரட்டுக்களத்தில் கேட்ட அதே குரல் வந்தது:

"வந்திருக்கேங்க."

ஈரக் கையோடு வந்து முன்னால் நின்றாள். எனக்கு அதற்கு மேல் காற்று இல்லை. பழகிவைத்திருந்தது அந்த ஒரு சொல்தான். மற்றதை எப்படிச் சொல்வது? சிலேட்டு உதவாது. மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, கூட்டுக்குள் வைத்து மூடி, அவள் கையில் கொடுத்தேன்.

அவள் கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறந்திருந்தால் கண்ணாடிக்கு என்ன என்று கேட்டிருப்பாள். அவள் கேட்கவில்லை. கூட்டைத் திறந்து, கண்ணாடியை முந்தானையால் நன்றாகத் துடைத்து, என் முகத்தில் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் சரி பார்த்தாள்.

"இந்தாங்க. இன்னைக்கு நேரத்துக்கே கொண்டாந்துட்டேன்" என்றாள். "இன்னைக்காவது எம் பேரப் போட்டுக்கிடுங்க."